கண்மாய் செல்லூரில், சாவி சென்னையில்!

2025-ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி நாளன்று மதுரையிலே ஒரு வேடிக்கை நடந்தது. முதல்வர் அந்த வழியே வருகிறார் என்று சொல்லி, பந்தல்குடிக் கால்வாயின் ஓரத்தைத் துணி கட்டி மறைத்தார்கள். கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுவது உண்டு, சாவு வீட்டுக்கும் போடுவது உண்டு. சாக்கடைக்குப் பந்தல் போட்ட பெருமை நம் ஊருக்கே உரியது! கால்வாயின் பெயரிலேயே பந்தல் இருப்பதால் பொருத்தமென்று நினைத்தார்களோ என்னவோ. படம் பத்திரிகைகளில் வந்தது. ஊர் சிரித்தது. பிறகு முதல்வரே நேரில் போய்க் கால்வாயைப் பார்வையிட்டார்.

துணி கட்டியவர் யார், கட்டச் சொன்னவர் யார் என்று தேடுவதிலே நமக்கு அக்கறை இல்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. அந்தக் கால்வாயைச் செல்லூர்க்காரன் ஒவ்வொரு நாளும் பார்க்கிறான். தறிக்குப் போகும்போது பார்க்கிறான், திரும்பும்போது பார்க்கிறான், அதன் நாற்றத்திலேதான் சோறு தின்கிறான். அவன் கண்ணுக்கு மறைக்க வேண்டுமென்று எந்த உத்தியோகஸ்தருக்காவது ஒரு முழத் துணி கட்டத் தோன்றியதுண்டா? தோன்றியதில்லை. ஏன்? செல்லூர்க்காரனுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரை இங்கே போட்டவரும், நாளை மாற்றப்போகிறவரும் சென்னையில் இருக்கிறார்கள். யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்குத்தானே மனிதன் அஞ்சுவான்? அதிகாரம் மேலே இருந்தால் அச்சமும் மேலே பார்த்துத்தான் இருக்கும். நிர்வாகத்தைப் பரவலாக்க வேண்டும், ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உண்மையான அதிகாரம் வேண்டும் என்று நாம் சொல்வதன் முழு அர்த்தமும் இதுதான்.

கால்வாயின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். வடக்கே குலமங்கலம், ஆலங்குளம் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்பி வழிந்தால் அந்த நீர் செல்லூர்க் கண்மாய்க்கு வருகிறது. செல்லூர்க் கண்மாய் நிரம்பினால் பந்தல்குடிக் கால்வாய் வழியே வைகையில் சேர வேண்டும். இது சாத்திரம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமல்ல. செல்லூரில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் 2024 அக்டோபர் 25-ஆம் நாள் மதுரையில் 9.8 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிற்பகல் 3 மணிக்கு மேல் கால்மணி நேரத்தில் மட்டும் 4.5 சென்டிமீட்டர். கண்மாய் நீரும் தெரு நீரும் சேர்ந்து செல்லூரிலும் கட்டபொம்மன் நகரிலும் வீடுகளுக்குள் புகுந்தன. தறிக்குழியில் தண்ணீர் நின்றால் அந்தக் குடும்பத்தின் அடுப்பிலும் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். பாவு நனைந்தால் பாவு மட்டுமா போகிறது? கூலியும் போகிறது, முன்பணம் கொடுத்தவனிடம் பேச்சும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதன்பின் என்ன நடந்தது? கண்மாயிலிருந்து வைகை வரை தண்ணீர் தடையின்றிப் போக 290 மீட்டர் நீளத்துக்குச் சிமெண்ட் கால்வாய், செலவு 11.9 கோடி ரூபாய் என்று சென்னையிலிருந்து அறிவிப்பு வந்தது. வரட்டும், வரவேற்கிறோம். கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் 290 மீட்டர்! செல்லூர் முக்கில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்தத் தூரத்துக்கு ஒரு வாய்க்கால் வேண்டும் என்பதை ஊர் மூழ்கிய பிறகு தலைநகரம்தான் சொல்ல வேண்டுமா? மதுரைக்கு ஒரு மாநகராட்சி இருக்கிறது, 100 வார்டுகள் இருக்கின்றன, 100 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் இருந்தும் ஏன் முன்கூட்டியே வெட்டவில்லை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது, தோழர்களே! கண்மாய் நீர்வளத்துறையைச் சேர்ந்தது. தெருச் சாக்கடை மாநகராட்சியைச் சேர்ந்தது. விளக்குக் கம்பத்துக்கு மின்சாரம் தருவது மின்வாரியம். பெரிய குடிநீர்த் திட்டமென்றால் குடிநீர் வடிகால் வாரியம். ஒரு சொட்டுத் தண்ணீர் கண்மாயிலிருந்து கிளம்பி வைகைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை இலாகாவின் எல்லையைத் தாண்டுகிறது! தண்ணீருக்கு இலாகா தெரியாது. இலாகாவுக்குத் தண்ணீர் தெரியாது. நடுவிலே நிற்கிறவர் வார்டு கவுன்சிலர். வீட்டுக்குள் தண்ணீர் வந்தவன் அவர் வாசலில் போய்த்தான் சத்தம் போடுகிறான். அவரோ இன்ஜினீயருக்கு டெலிபோன் செய்கிறார். இன்ஜினீயர் எழுதிப் போட்டிருக்கிறேன் என்கிறார். ஏச்சு வாங்குவதற்கு மட்டும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஆள். தீர்மானம் செய்வதற்கு யாரும் தேர்ந்தெடுக்காத ஆள். இதற்குப் பெயர் சுயாட்சியா?

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். 1992-ல் நிறைவேறி, 1993 ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்த 74-ஆவது திருத்தம் நகரசபைகளுக்கென்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. நகரத் திட்டம், குடிநீர், சாலை, சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்புகளை மாநிலச் சட்டமன்றம் 'அளிக்கலாம்' என்று எழுதினார்கள். 'அளிக்க வேண்டும்' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லின் சந்திலேதான் முப்பது ஆண்டுகளாக நமது நகரங்கள் சிக்கிக் கிடக்கின்றன. தேர்தல் விஷயத்தில் மட்டும் சட்டம் கண்டிப்பாகப் பேசியது. ஐந்து ஆண்டுதான் பதவிக்காலம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்றது. அந்தக் கண்டிப்பையாவது மதித்தார்களா?

மதுரை நேற்று முளைத்த பட்டணமல்ல. இங்கே 1866-லேயே முனிசிபாலிடி வந்துவிட்டது. ஸ்தல சுயாட்சி பற்றி ரிப்பன் பிரபு 1882-ல் தீர்மானம் எழுதுவதற்குப் பதினாறு ஆண்டு முன்னால். 1971 மே தினத்தன்று மாநகராட்சி ஆயிற்று. இவ்வளவு பழைய ஊருக்கு 2016 அக்டோபரில் என்ன கிடைத்தது? இட ஒதுக்கீட்டு வழக்கில் ஐகோர்ட் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. சபைகளின் காலம் முடிந்தது. பிழையைத் திருத்திச் சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. 2022 பிப்ரவரி 19 வரை, ஐந்து வருஷத்துக்கு மேல், மதுரைக்குத் தேர்ந்தெடுத்த சபையே கிடையாது. ஒரு முழு சபையின் ஆயுட்காலத்தைவிட அதிகமாகத் தனி அதிகாரியின் ஆட்சி! தேர்தல் நடத்தாத குற்றத்துக்காக மத்திய நிதிக்குழுவின் மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. குற்றம் செய்தது மேலே, அபராதம் கட்டியது நம் தெரு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மதுரை 'ஸ்மார்ட் சிட்டி' பட்டியலில் சேர்ந்தது 2016 செப்டம்பரில். சபை போனது அடுத்த மாதம். அதற்கென்று ஒரு கம்பெனி அமைத்தார்கள். பெரியார் பஸ் நிலையத்தை இடித்துக் கட்டினார்கள். வைகைக் கரையில் சாலை போட்டார்கள். மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் வாகனம் நிறுத்தக் கட்டடம் எழுப்பினார்கள். ஊரின் முகத்தையே மாற்றுகிற வேலைகள்! கோடி கோடியாகப் பணம்! அந்தக் காலம் முழுவதும் ஊர்க்காரர் ஒருவரும் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் மன்றத்தில் இல்லை. வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். எந்த நிறம் வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. தெருவோரக் கடைக்காரனுக்கு என்ன வழி என்று கேட்கவும் ஆள் இல்லை.

இது புதிய நோய் என்று நினைக்க வேண்டாம். காமராஜர் ஆட்சியில் 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1960-61-ல் பஞ்சாயத்து யூனியன்கள் எழுந்தன. ஆரம்பப் பள்ளிகூட அவற்றின் கையில் இருந்தது. ஆனால் 1970-க்குப் பிறகு கிராமங்களில் அடுத்த தேர்தல் 1986-ல்தான், அதற்கடுத்தது 1996-ல். சென்னை மாநகராட்சியையே 1973-ல் கலைத்துவிட்டு இருபத்து மூன்று ஆண்டு அதிகாரிகளை வைத்து ஓட்டினார்கள். கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. இந்தப் பழக்கம் மாறவில்லை. 2025 ஜனவரி 5-ஆம் நாள் மதுரை உட்பட 28 ஜில்லாக்களில் கிராம ஊராட்சிகளின் காலம் முடிந்தபோதும் தேர்தல் நடக்கவில்லை, மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். செல்லூருக்குத் தண்ணீர் வருகிற மேல்கண்மாய்கள் அந்த ஊராட்சிகளின் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். டெல்லி மாநிலத்தின் உரிமையைப் பறிக்கிறது என்று சென்னை முழங்குகிறது. நியாயமான முழக்கம், நாமும் சேர்ந்து முழங்குகிறோம். ஆனால் டெல்லியிடம் கேட்கிற நியாயத்தைச் சென்னை செல்லூருக்குக் கொடுக்கக் கூடாதா? மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள் தானே மாமியாரானதும் அதே உலக்கையை எடுப்பதா?

கவுன்சிலர் பதவியில் என்ன இருக்கிறது, ஒரு பல்ப் மாட்டுகிற வேலைதானே என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களை வில்லாபுரத்துக்கு அழைக்கிறோம். 1996 அக்டோபர் தேர்தலில் அந்த வார்டிலிருந்து மதுரை மாமன்றத்துக்குப் போனவர் தோழர் லீலாவதி. கைத்தறி நெசவுக் குடும்பம். பெரிய படிப்பில்லை, பெரிய சொத்தில்லை. வில்லாபுரத்துப் பெண்கள் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை விற்றுப் பிழைத்தது ஒரு கும்பல். குழாயிலே குடிநீர் வரவேண்டும் என்று லீலாவதி மன்றத்தில் கேட்டார், அதிகாரிகளிடம் நடந்தார், விடவில்லை. தண்ணீர் வந்தது. 1997 ஏப்ரல் 23-ஆம் நாள் பட்டப்பகலில் தெருவிலே அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஏறக்குறைய ஆறே மாதம்!

பல்ப் மாட்டுகிற வேலைக்கு யாராவது கொலை செய்வார்களா? ஒரு வார்டுக்குத் தண்ணீர் எப்படி வரும், யார் வழியாக வரும், காசு யார் பையில் விழும் என்பதுதான் அங்கே பிரச்னை. அது அதிகாரத்தின் பிரச்னை. தண்ணீர்க் கொள்ளையருக்கு அது தெரிந்திருந்தது. நம்மிலே சிலருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. சட்டமன்றத் தேர்தலென்றால் ராத்திரி பகலாகச் சுவரெழுதுகிற நமது தோழர்கள், வார்டுத் தேர்தலென்றால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சோம்புகிறார்கள். இந்தக் குறையைச் சொல்லாமல் மற்றவர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

இனி எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அதையும் ஒளிக்காமல் சொல்லுவோம். அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் ஊழலும் கீழே வரும் என்கிறார்கள். 2025-ல் மதுரை மாநகராட்சியிலே சொத்துவரி முறைகேடு வெளியாயிற்று, கைதுகள் நடந்தன, ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். 'பார்த்தீர்களா?' என்று கேட்கிறார்கள். பார்த்தோம். ஆனால் கொஞ்சம் கூர்ந்து பார்த்தோம். வரிக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வரி, யாருக்குக் குறைத்தார்கள் என்பது அந்தத் தெருக்காரனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்? நாலு மாடிக் கட்டடத்துக்கு ஓட்டு வீட்டு வரி என்று வார்டுக் கூட்டத்தில் வாசித்திருந்தால், அடுத்த நிமிஷம் பத்துப் பேர் எழுந்திருப்பார்கள். திருட்டு நடந்தது அதிகாரம் கீழே வந்ததாலா, வந்த அதிகாரம் பாதி வழியில், பூட்டிய அறைக்குள் நின்றுவிட்டதாலா?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை முறையை வெட்டி வைத்த கல். பெருமைதான். அதிலே நமக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது! மேடைகளில் சொல்லாத விதியும் உண்டு. கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். உழுதவன் பெயரும் நெய்தவன் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. ஆகவே பழைய கிராமராஜ்யத்துக்குத் திரும்பலாம் என்று நாம் சொல்லவில்லை. டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். அதைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள். பஞ்சாயத்தை வலியுறுத்தும் 40-ஆவது ஷரத்தை நம் ஊர் கே. சந்தானம் அதே மாதத்தில் கொண்டுவந்து சேர்த்தார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது என்பதற்கு மதுரை ஜில்லாவே சாட்சி.

1997 ஜூன் 30-ஆம் நாள் மேலவளவில், தாழ்த்தப்பட்டவர் தலைவராக வந்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஐவரையும் வழிமறித்து வெட்டினார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கிராமங்களில் பத்து ஆண்டு தேர்தலையே நடக்கவிடவில்லை. நின்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களிடம் விட்டால் நடப்பது இதுதான் என்று சொன்னால், ஆமாம், இதுதான். ஆனால் 2006 அக்டோபரில் அதே ஊர்களில் தேர்தல் நடந்து, தாழ்த்தப்பட்ட தோழர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அரசாங்கம் உறுதியாக நின்றது. கலெக்டர் உதயச்சந்திரன் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசினார். இயக்கங்கள் விடாமல் போராடின. சட்டத்தின் இட ஒதுக்கீடு, மேலே உறுதி, கீழே போராட்டம் மூன்றும் சேர்ந்தால் சாதி நாற்காலியும் ஆடும். ஊராட்சிப் பதவி ஒன்றுமில்லாத பதவியாக இருந்திருந்தால் ஆதிக்கக்காரர் அதற்காக இத்தனை இரத்தம் சிந்தியிருக்க மாட்டார்கள். பறிக்க வேண்டியது அவர்கள் பிடியை, ஊராட்சியின் அதிகாரத்தையல்ல.

பணத்தைப் பற்றிப் பேசாத பரவலாக்கம் வெறும் வாய்ப்பந்தல். மதுரைக் கவுன்சிலர்கள் 2022 மார்ச் 2-ஆம் நாள் உறுதிமொழி எடுத்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை. ஏப்ரல் முதல் நாள் சொத்துவரி உயர்வை மாநில சர்க்கார் அறிவித்தது. சிறு வீட்டுக்கு, அதாவது 600 சதுர அடிக்கு உட்பட்டதற்கு 25 சதவிகிதம். 1,800 சதுர அடிக்கு மேலென்றால் 100 சதவிகிதம். ஏனென்று கேட்டால் மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை என்றார்கள். டெல்லி சென்னையை முறுக்கியது, சென்னை மதுரையை முறுக்கியது, மன்றத்திலே கை தூக்க வேண்டியிருந்தது, கடைசியில் திட்டு வாங்கியவர் கவுன்சிலர். வரி போடுகிற உரிமை ஒருவருக்கு. வசவு வாங்குகிற கடமை இன்னொருவருக்கு!

செலவு செய்யும் உரிமையாவது உண்டா? கமிஷனரை நியமிப்பது சென்னை. எத்தனை துப்புரவுத் தொழிலாளியை நிரந்தரமாக வைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் சென்னை. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 என்ன செய்தது? மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களை வெட்டியது, வேலையைக் காண்டிராக்டருக்குக் கொடுக்க வழி திறந்தது. அதிகாலையில் நம் தெருவைக் கூட்டுகிற தொழிலாளியின் வேலையைப் பற்றி அந்தத் தெருவின் மன்றத்துக்குப் பேச்சில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நூற்றுக்குப் பத்துதான் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்டச் செலவில் 35 முதல் 40 சதவிகிதம் வரை பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் ஒதுக்கினார்கள். இன்ன இனத்துக்கு என்று கட்டிப் போடாமல் பெரும்பகுதியை அவர்கள் தீர்மானத்துக்கே விட்டார்கள். வார்டுக்கு வார்டு ஜனங்கள் கூடி, பள்ளிக்கூடமா, கிணறா, சாலையா என்று சண்டை போட்டு முடிவு செய்தார்கள். அங்கே தப்பே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. சில இடத்தில் உதவாத திட்டமும் போட்டிருப்பார்கள். ஆனால் அது அவர்கள் ஊர்த் தப்பு, அவர்களே பார்த்துத் திருத்தலாம். சென்னையில் நடக்கும் தப்பைச் செல்லூரில் யார் திருத்துவது?

தமிழ்நாட்டிலும் ஒரு கதவு லேசாகத் திறந்தது. நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதி வந்தது. அந்த வருஷம் நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. கிராமசபை போல நகரத்துக்காரனும் உட்கார்ந்து கேட்கலாம் என்பது நல்ல ஏற்பாடு. முப்பது ஆண்டு தாமதம் என்றாலும் வரவேற்றோம். ஆனால் குழு உறுப்பினர்களை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. மன்றத்தில் யார் பலமோ அவருடைய ஆட்கள் வந்து உட்காருவார்கள். பகல் பத்து மணிக்குக் கூட்டம் போட்டால் தறிக்காரன் வருவானா? பட்டறைக்காரன் வருவானா? அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, அதிகாரி இல்லாத நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வேண்டும். ஒருமுறை ஏமாந்தவன் மறுமுறை வரமாட்டான். பிறகு 'ஜனங்களுக்கு அக்கறை இல்லை' என்று ரிப்போர்ட் எழுதுவார்கள்.

செல்லூர்த் தோழர்கள் அந்த ரிப்போர்ட்டுக்கு இடம் கொடுக்கக் கூடாது. கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை போடச் சொல்லுங்கள். நீர்வளத்துறை இன்ஜினீயரும் மாநகராட்சி இன்ஜினீயரும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்று கேளுங்கள், அப்போதுதான் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. வார்டின் வரிப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கால்வாய் வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், காண்டிராக்டர் யார், எவ்வளவு பட்டுவாடா ஆயிற்று, எத்தனை மீட்டர் முடிந்தது என்று எழுதிக் கண்மாய்க் கரையில் ஒரு பலகை நடச் சொல்லுங்கள். அதைத் தீர்மானமாக எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, நகலை நம்மிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் காற்றில் போகும், தீர்மானம் பைலில் நிற்கும்.

இன்னொரு தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற மதுரை மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். வார்டு எல்லை பிரிக்கவில்லை, ஒதுக்கீடு முடியவில்லை, வழக்கு இருக்கிறது என்று 2016-ல் கேட்ட சாக்குகளை மறுபடி கேட்க நாம் தயாராக இல்லை. வாக்காளர் பட்டியலில் நம் தெருவின் பெயர்களைச் சரிபார்க்கிற வேலையை இந்த வாரமே கிளைகள் தொடங்க வேண்டும்.